தாத்தாவின் கார்: மார்கீயா, லெசேபரா, அவலானா?

அமெரிக்காவில் பழைய கார் விளம்பரங்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு ஒரு வாசகம் மனப்பாடமாகியிருக்கும்: "தாத்தாவின் கார். ஒரே உரிமையாளர். எப்போதும் ஷெட்டிலேயே நின்றது." தாத்தா மெய்யோ பொய்யோ, கார் என்னவோ பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும். மெர்குரி கிராண்ட் மார்கீ, ப்யூக் லெசேபர், டொயோட்டா அவலான். மூன்றும் பெரிய உடம்புக்காரர்கள். மார்கீயின் நீளம் 17 அடி 8 அங்குலம். ஒரு சாதாரண வீட்டின் ஷெட்டில் அதை நிறுத்திவிட்டுக் கதவை மூட முடிந்தாலே அதிர்ஷ்டம். மூன்றும் இப்போது அமெரிக்காவில் தயாரிப்பில் இல்லை. மூன்றுக்கும் "சாகாத வண்டி" என்று பெயர்.

அந்தப் பெயரை நான் நம்புவதில்லை. இருபது வருடம் ஓடிய வண்டி எதுவானாலும் அதற்குள் ஒரு வியாதி குடியிருக்கும். அது இன்ன வியாதி என்று முன்கூட்டியே தெரியுமா, மருந்துக்கு எவ்வளவு ஆகும், மருந்து வாங்கப் போகும் முன் எஞ்சினையே கொன்றுவிடுமா? இந்த மூன்று கேள்விகளை வைத்துப் பார்த்தால் மூன்று கார்களும் ஒன்றுக்கொன்று நல்ல தூரத்தில் நிற்கின்றன.

மார்கீயிலிருந்து தொடங்கலாம். இதுவும் ஃபோர்டு கிரவுன் விக்டோரியாவும் லிங்கன் டவுன் காரும் ஒரே எலும்புக்கூட்டில் பிறந்தவை. அந்த அடித்தளத்துக்குப் 'பேந்தர்' என்று பெயர். 1979 மாடலில் வந்தது, 2011 செப்டம்பரில் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் உள்ள செயின்ட் தாமஸ் ஆலையில் கடைசி வண்டி இறங்கியதோடு முடிந்தது. லாரிக்கு இருப்பது போலத் தனிச் சேஸிஸ், அதன் மேல் உடல், பின் சக்கர இயக்கம், பின்னால் ஒரே துண்டு ஆக்சில், முன்னால் 4.6 லிட்டர் வி8 எஞ்சின். காவல்துறையும் டாக்சிக்காரர்களும் வருடக்கணக்கில் இரவு பகலாக ஓட்டியது இந்தக் குடும்பத்தைத்தான். மெர்குரி என்ற பிராண்டையே ஃபோர்டு மூடிவிட்ட பிறகும் மார்கீக்கு உதிரிபாகப் பஞ்சம் வராததற்குக் காரணம் அந்த போலீஸ் வண்டிகள். எந்தப் பழைய இரும்புக் கடைக்குப் போனாலும் அவற்றில் ஒன்றிரண்டு கிடக்கும்.

இதன் வியாதிகள் ஊரறிந்தவை. 1996 முதல் 2001 வரையிலான பல வண்டிகளில், எஞ்சினுக்குக் காற்றைக் கொண்டுபோகும் இன்டேக் மேனிஃபோல்டு முழுக்கப் பிளாஸ்டிக். எஞ்சினைக் குளிர்விக்கும் கூலண்ட் குறுக்கே போகும் முன்பகுதி, வருடக்கணக்கில் சூடாகிச் சூடாகி விரிசல் விடும். வழக்கு நடந்து, பிறகு வந்த மாற்றுப் பாகத்தில் அந்தக் குறுக்குப் பகுதியை அலுமினியத்தில் செய்தார்கள். ஆகவே அந்த வருட வண்டியைப் பார்க்கப் போனால், மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டருக்குக் கீழே கண்ணை ஓட்டுங்கள். அலுமினியம் தெரிந்தால் யாரோ ஏற்கெனவே பணம் செலவழித்துவிட்டார் என்று பொருள். அதே காலத்து எஞ்சின் சிலவற்றில் ஸ்பார்க் பிளக்கைப் பிடித்திருக்கும் மரைச் சுற்றுகள் மிகக் குறைவு. பிளக் தளர்ந்து துப்பாக்கிக் குண்டு மாதிரி வெளியே பாய்ந்த கதைகள் உண்டு. 2003இல் சேஸிஸையும் ஸ்டியரிங்கையும் புதிதாக வடிவமைத்தார்கள். ஓட்டுவதற்கு அந்த வருடத்துக்குப் பிந்தியவைதான் நல்லவை. ஆனால் 2003 முதல் 2005 வரையிலானவற்றில் விளக்குகளைக் கட்டுப்படுத்தும் மின்பெட்டியின் ஈயப் பற்று விட்டுப்போய், இரவில் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஹெட்லைட் அணைந்துவிடும் தொல்லை சேர்ந்துகொண்டது. பின்பக்கம் ஏர் சஸ்பென்ஷன் உள்ள வண்டி, காலையில் பார்த்தால் பின்னங்காலை மடக்கி உட்கார்ந்த யானை மாதிரி இருக்கும். காற்றுப் பைகளைத் தூக்கிப் போட்டுவிட்டுக் காயில் ஸ்பிரிங் மாட்டிக்கொள்வதே வழக்கமான வைத்தியம்.

பிளக், மேனிஃபோல்டு கதைகளைத் தவிர, எஞ்சினையும் கியர்பாக்ஸையும் தொடாத வியாதிகளே இதில் அதிகம் என்பதைக் கவனியுங்கள். மார்கீயின் பலம் அதுதான். பெட்ரோல் டேங்க் பின் ஆக்சிலுக்குப் பின்னால் இருப்பது மட்டும் எனக்கு இன்னும் உறுத்துகிறது. பின்னாலிருந்து அதிவேகத்தில் மோதப்பட்ட போலீஸ் வண்டிகள் தீப்பிடித்து அதிகாரிகள் இறந்தார்கள். 2002இல் போலீஸ் வண்டிகளுக்கு டேங்க்கைச் சுற்றித் தடுப்புத் தகடுகளை ஃபோர்டு கொடுத்தது. சாலையோரம் நின்றபடியே பிழைப்பு நடத்தும் போலீஸ்காரருக்கு இருந்த ஆபத்து வீட்டு வண்டிக்கு அதே அளவு இல்லை. ஆனாலும் தெரிந்துகொண்டு வாங்குவது நல்லது.

ஏலத்தில் வரும் போலீஸ் வண்டியை வாங்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. மைல் கணக்கு குறைவாக இருக்கும். ஆனால் எஞ்சினை அணைக்காமல் நின்ற இடத்திலேயே எத்தனை ஆயிரம் மணி நேரம் ஓடியதோ? ஓடோமீட்டர் அதைச் சொல்லாது. நான் வாங்க மாட்டேன்.

லெசேபர் முற்றிலும் வேறு சுபாவம். முன் சக்கர இயக்கம், தனிச் சேஸிஸ் கிடையாது, மெத்தை போன்ற இருக்கை. 2000 முதல் 2005 வரை வந்த கடைசித் தலைமுறையைத்தான் இங்கே பேசுகிறேன். இதன் உயிர் 3800 என்று எல்லோரும் அழைக்கும் 3.8 லிட்டர் வி6 எஞ்சின். இந்த எஞ்சினின் வம்சாவளி வேடிக்கையானது. 1960களின் தொடக்கத்தில் ப்யூக் செய்த வி6ஐ, வேண்டாம் என்று ஜீப் தயாரித்த கைசர் நிறுவனத்துக்கு விற்றார்கள். எண்ணெய் நெருக்கடி வந்ததும் 1974இல் அதையே திரும்ப வாங்கினார்கள். அங்கிருந்து செதுக்கிச் செதுக்கி வந்தது 2008 வரை ஓடியது. இரும்பு பிளாக், அதன் மேல் மூடியாக இரும்புத் தலை, பழைய பாணித் தள்ளுகோல் வால்வுகள், வால்வுகளை நேரத்துக்கு இயக்க டைமிங் பெல்ட்டுக்குப் பதில் செயின். 205 குதிரைசக்தி. அழகு என்று சொல்ல ஒன்றுமில்லை. எண்ணெய் மாற்றிக்கொண்டே இருந்தால் உள்ளே தேய்ந்துபோக மறுக்கும் எஞ்சின்.

எஞ்சினைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக்குதான் வில்லன். புகையை மறுசுழற்சி செய்யும் சூடான குழாய் ஒன்று, பிளாஸ்டிக்கில் செய்த மேல் இன்டேக் மேனிஃபோல்டின் நடுவே நுழைகிறது. அந்தச் சூட்டில் சுற்றியுள்ள பிளாஸ்டிக் மெல்ல மெல்ல வெந்து, பக்கத்தில் ஓடும் கூலண்ட் எஞ்சினுக்குள் கசியும். மோசமான வேளையில் சிலிண்டருக்குள் தண்ணீர் நிரம்பி எஞ்சின் சுற்ற முடியாமல் நின்றுபோகும். சந்தையில் கிடைக்கும் மாற்று மேனிஃபோல்டு இதற்காகவே குழாயைச் சுற்றி இடைவெளி விட்டுச் செய்யப்பட்டது. மேனிஃபோல்டுக்குக் கீழே இணைப்பை அடைக்கும் கேஸ்கெட்டுகளும் கசியும். பெல்ட் இறுக்கியின் அருகே விரல் நீளத்துக்கு எல் வடிவில் இரண்டு பிளாஸ்டிக் முழங்கைக் குழாய்கள் இருக்கின்றன. சில டாலர் பெறும் சாமான். வயதானால் பிஸ்கட் மாதிரி நொறுங்கும், கூலண்ட் மொத்தமும் சாலையில். கவனிக்காமல் ஓட்டினால் நல்ல எஞ்சின் ஒன்று சில டாலருக்காகச் செத்துப்போகும்.

மேனிஃபோல்டு, கேஸ்கெட், முழங்கைக் குழாய் மூன்றையும் ஒரே மூச்சில், உடைவதற்கு முன்பே மாற்றிவிடலாம். ஒரு சனிக்கிழமையும் சாதாரணக் கருவிப் பெட்டியும் போதும்; கையில் கிரீஸ் படக் கூசுகிறவர் மெக்கானிக்கிடம் விடலாம். அதன்பின் லெசேபரில் எஞ்சின் தொடர்பாகப் பயப்பட அதிகம் மிச்சமில்லை. கதவுக் கண்ணாடி கீழே விழுந்து ஏறாமல் அடம்பிடிக்கும், அது மனநிம்மதியைக் கெடுக்குமே தவிர வண்டியைக் கெடுக்காது.

இதே விலையில், இதே விளம்பரப் பக்கத்தில், தோல் இருக்கையோடு ஒரு 'கடிலாக் டிவில்' காரும் கண் சிமிட்டும். 2000களின் தொடக்கம் வரையிலான அதன் நார்த்ஸ்டார் வி8இல், அலுமினிய பிளாக்கிலிருந்து தலைப் போல்ட்டுகளின் மரை பிய்ந்துவரும். சரிசெய்ய எஞ்சினையே கீழே இறக்க வேண்டும். விட்டுவிடுங்கள். கிரைஸ்லரின் 2.7 லிட்டர் வி6 உள்ள பெரிய கார்களும் அப்படியே. வாட்டர் பம்ப் எஞ்சினுக்குள் டைமிங் செயினோடு சுற்றுகிறது, கசிந்தால் தண்ணீர் நேராக எண்ணெயில்தான் கலக்கும்.

அவலானுக்கு வருவோம். கென்டக்கி மாநிலத்து ஜார்ஜ்டவுன் ஆலையில் 1994இல் தொடங்கி 2022 மாடலோடு நின்றது. டொயோட்டா என்ற ஒரு சொல்லுக்காகவே மற்ற இரண்டையும்விட அதிக விலை சொல்வார்கள். அந்தக் கூடுதல் தொகை நியாயமா என்பதில்தான் எனக்குச் சந்தேகம். 2004 வரையிலான 3 லிட்டர் எஞ்சினில் டைமிங் பெல்ட். 90,000 மைலுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். 1997 முதல் 2002 வரை இந்த எஞ்சினில் எண்ணெய் களிம்பாக இறுகும் புகார் பெரிதாகி, டொயோட்டா எட்டு ஆண்டு வரை பழுதைத் தானே ஏற்க முன்வந்தது. அந்தச் சலுகை என்றோ முடிந்துவிட்டது. 2005இல் வந்த 3.5 லிட்டர் எஞ்சினில் செயின், நல்ல வேகம், நல்ல மைலேஜ். ஆனால் தொடக்க வருடங்களில் வால்வு நேரத்தை மாற்றும் அமைப்புக்கு எண்ணெய் கொண்டுபோகும் குழாயின் நடுவே ஒரு ரப்பர் துண்டு இருந்தது. அது வெடித்தால் எஞ்சின் எண்ணெய் மளமளவென்று வெளியேறிவிடும். முழு உலோகக் குழாய் போட்டிருக்கிறதா என்று பார்க்காமல் அந்தத் தொடக்க வருட அவலானைத் தொடாதீர்கள்.

சர்வீஸ் ரசீதுகள் கட்டாக இருக்கும் அவலான் மூன்றிலும் சிறந்தது, ஒப்புக்கொள்கிறேன். கதவை மூடும்போது கேட்கும் ஓசையே வேறு. ரசீது இல்லாத அவலான் வெறும் பெயருக்குக் கொடுக்கும் விலை. உள்ளே களிம்பு இருக்கிறதா என்று வெளியே நின்று யாராலும் சொல்ல முடியாது. லெசேபரின் குறையை டார்ச் அடித்தே கண்டுபிடிக்கலாம்.

பெட்ரோல் பற்றி அதிகம் பேசுவார்கள், அவ்வளவு பேசத் தேவையில்லை. மார்கீ ஊரும் நெடுஞ்சாலையும் சேர்த்து கேலனுக்கு 19 மைல் அளவில் கொடுக்கும். மற்ற இரண்டும் 21, 22. வருடத்துக்கு 12,000 மைல் ஓட்டினால் வித்தியாசம் 60 முதல் 85 கேலன். ஒன்றிரண்டு நல்ல டயர்களின் விலைக்குப் பக்கத்தில் வரும்.

உண்மையில் தீர்ப்பு எழுதுவது உப்பு. மிச்சிகன், ஒஹாயோ, நியூயார்க் பக்கம் பனிக்காலத்தில் சாலையில் கொட்டும் உப்பு எந்த எஞ்சின் பெருமையையும் கேட்காது. 2005 முதல் 2011 வரையிலான பேந்தர் வண்டிகளில் ஸ்டியரிங் தண்டு துருப்பிடிக்கும் என்று 2013இல் ஏறத்தாழ 3,70,000 வண்டிகளை ஃபோர்டு திரும்ப அழைத்தது, அதுவும் உப்பு போடும் மாநிலங்களில் இருந்தவற்றைத்தான். வடக்கே பல குளிர்காலம் பார்த்த லெசேபரில் பிரேக் குழாய்களும் கதவுக்குக் கீழ் விளிம்பும் அரித்திருந்தால், எஞ்சின் எவ்வளவு நன்றாக இருந்து என்ன? புளோரிடாவிலோ அரிசோனாவிலோ வாழ்ந்த மார்கீயை, அங்கேயே வைத்து ஓட்டுவதானால், கண்ணை மூடிக்கொண்டு வாங்குவேன். பனி விழும் ஊரில் பின் சக்கர இயக்கமும் லேசான பின்புறமும் சேர்ந்து மேட்டில் ஏறாது. டிக்கியில் மணல் மூட்டை ஏற்றி ஓட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வடக்கே குடியிருந்து, கையில் பணமும் குறைவு என்றால் என் ஓட்டு லெசேபருக்கு, துரு இல்லாத ஒன்று கிடைக்கும்வரை காத்திருக்கும் பொறுமையோடு. பார்க்கப் போகும்போது விற்பவரிடம் முதலில் ஒரு சின்னக் கேள்வி கேளுங்கள்: பேட்டரி எங்கே இருக்கிறது? இந்தத் தலைமுறை லெசேபரில் பேட்டரி பின் இருக்கைக்கு அடியில் இருக்கிறது. இருக்கையைத் தூக்கிக் காட்டினால் தரையில் துரு உண்டா என்பதும் கூடவே தெரிந்துவிடும். மாறாக, "தாத்தாவோடு பத்து வருடம் நானும் இதில்தான் போனேன்" என்று சொல்லிக்கொண்டே அவர் பானெட்டைத் திறக்கப் போனால், அந்தத் தாத்தா வேறு யாரோ.