நெல்லை வெயிலில் நாலு வருடம்: எங்கள் வீட்டு 200 லிட்டர் சோலார் வாட்டர் ஹீட்டர்

பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு வெந்நீருக்கு என்று காசு செலவழித்து சோலார் ஹீட்டர் போட்டேன் என்றால் எல்லாரும் முதலில் கேட்பது, நம்ம ஊர் வெயிலுக்கு வெந்நீர் எதுக்கு என்றுதான். கேட்பதில் நியாயம் இருக்கிறது. சித்திரை, வைகாசியில் மத்தியானம் குழாயைத் திறந்தால் சாதாரணத் தண்ணீரே கை பொறுக்காத சூட்டில் வரும். எங்கள் அப்பா இருந்தவரை மார்கழியிலும் ஆற்றுக்கு, குறுக்குத்துறைக்குப் போய் முங்கிக் குளித்துவிட்டு வந்தவர், அவருக்கு வெந்நீர் என்றாலே பிடிக்காது. ஆனால் அம்மாவுக்கு வயது எழுபத்து நாலு, மூட்டுவலி. ஐப்பசி தொடங்கி மாசி வரைக்கும் காலையில் வெந்நீர் இல்லாமல் முடியாது. ஆனி, ஆடியில் குற்றாலத்தில் சீசன் ஆரம்பித்துவிட்டால் இங்கே மழை இல்லாவிட்டாலும் அந்தக் காற்று வந்து எலும்பில் இறங்கும், அப்போதும் வேண்டும். பேத்தி பிறந்த பிறகு இன்னும் அதிகமாகவே வேண்டியிருந்தது.

சோலார் போடுவதற்கு முன்னால் பதினைந்து லிட்டர் கரண்ட் ஹீட்டர் ஒன்றுதான் இருந்தது. அதற்கும் முன்னால், ஆச்சி காலத்தில், புறவாசலில் செம்பு பாய்லர். பனமட்டையும் உடைவிறகும் போட்டு எரித்து, தீபாவளிக்கு விடியும் முன்னே ஆச்சி அதைப் பற்றவைக்கும் வாசம் இன்னும் நினைவில் இருக்கிறது.

கரண்ட் ஹீட்டர் எவ்வளவு இழுக்கிறது என்று ஒரு நாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். இருபது லிட்டர் வாளி ஒன்று, 27 டிகிரியில் இருக்கிற தண்ணீரை 40 டிகிரிக்குக் கொண்டுவர சுமார் 0.3 யூனிட் வேண்டும். வீட்டில் ஐந்து பேர், ஆளுக்கு இரண்டு வாளி என்றால் நாளைக்கு 3 யூனிட், இரண்டு மாத பில்லில் 180 யூனிட். எங்கள் பில் குளிர்காலத்தில் 520, 530 யூனிட் என்று வந்துகொண்டிருந்தது. மின்வாரியக் கணக்கு தெரிந்தவர்களுக்குத் தெரியும், 500ஐத் தாண்டிவிட்டால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை கூடுவதில்லை, கீழே 101 முதல் 200 வரை உள்ள யூனிட்டுக்குக் கிடைத்துவந்த குறைந்த விலையும் போய்விடும். அந்த முப்பது யூனிட்டுக்காக மொத்தமும் ஏறும். அதுதான் எனக்கு உறுத்தியது.

சரி, 2022 ஜனவரியில் சோலார் ஹீட்டர் போட்டோம். 200 லிட்டர், இருபது கண்ணாடிக் குழாய் உள்ள மாடல், கடையில் இடிசி என்பார்கள். பொருத்துகூலி, பைப் எல்லாம் சேர்த்து 34,000 ரூபாய். கம்பெனி பெயரையும் கடை பெயரையும் எழுதவில்லை, நான் சொல்லப்போகிற சங்கதிகள் எந்தக் கம்பெனி வாங்கினாலும் பொருந்தும்.

வேலை செய்யும் விதம் ரொம்ப எளிது. ஒவ்வொரு குழாயும் இரட்டைக் கண்ணாடி, நடுவில் காற்றே இல்லாத வெற்றிடம், ஃபிளாஸ்க் மாதிரி. உள் கண்ணாடியில் கறுப்புப் பூச்சு வெயிலை வாங்கித் தண்ணீரைச் சூடாக்கும், சூடான தண்ணீர் லேசாகி மேலே டாங்குக்கு ஏறும், குளிர்ந்தது கீழே இறங்கும். மோட்டார் கிடையாது, கரண்ட் கிடையாது. டாங்கைச் சுற்றி பஃப் என்கிற நுரை அடைத்திருப்பதால் சாயங்காலம் சூடான தண்ணீர் மறுநாள் காலை ஆறு மணிக்கும் கிட்டத்தட்ட அப்படியே இருக்கிறது. கார்த்திகை மாதத்தில் விடிகாலை அம்மா குளித்துவிட்டு வந்து, "பாய்லர் தண்ணி மாதிரியே இருக்குடா" என்று சொன்னார்கள். எனக்கு அது போதும்.

தெற்குப் பார்த்து வைக்கச் சொல்வார்கள், கட்டாயம் அப்படியே வையுங்கள். நம்ம ஊர் கிட்டத்தட்ட 8.7 டிகிரி வடக்கில் இருக்கிறது. அதனால் சித்திரை பிறந்ததில் இருந்து ஆவணி பாதி வரைக்கும் உச்சிவெயில் நம் தலைக்கு வடக்கே போய்விடும், மற்ற மாதமெல்லாம் தெற்கே சாய்ந்திருக்கும். தெற்குப் பார்த்துச் சாய்ந்து நிற்கிற குழாய்க்கு மார்கழி, தையில்தான் வெயில் நேராக விழும், அதாவது வெந்நீர் வேண்டிய மாதத்தில் அதிகமாகவும் வேண்டாத மாதத்தில் கொஞ்சம் குறைவாகவும். அப்படிக் குறைந்துமே கோடையில் தண்ணீர் ஆபத்தான சூட்டில் வருகிறது. ஒரு மே மாதம் சாயங்காலம் பேத்தி கையை நீட்டி வெந்நீர்க் குழாயைத் திறக்கப் போனாள், நல்லவேளை மைனி பார்த்துவிட்டாள். அன்றிலிருந்து பங்குனி முடிந்ததும் பத்துக் கண்ணாடிக் குழாயைச் சாக்கு போட்டு மூடிக் கட்டிவிடுகிறேன், ஐப்பசியில் அவிழ்க்கிறேன். குழந்தைகள் இருக்கிற வீட்டில் வெந்நீரும் பச்சைத் தண்ணீரும் கலந்து வருகிற மிக்ஸர் குழாய் போட்டுவிடுங்கள், தனியாக வெந்நீர்க் குழாய் கைக்கு எட்டுகிற உயரத்தில் வைக்கவே வைக்காதீர்கள்.

இனி குறைகள். முதல் வருடம் எனக்கு வந்த கோபம் எல்லாம் பைப் போட்டவர் மேல்தான். தட்டட்டியில், அதாவது மொட்டைமாடியில், ஹீட்டர் ஒரு மூலை, குளியலறை எதிர் மூலை. அவர் ஒரு இஞ்ச் பைப்பைச் சுவரைச் சுற்றி அறுபது அடிக்கு ஓட்டிவிட்டார், மேலே உறை எதுவும் சுற்றவில்லை. ஒரு இஞ்ச் பைப்பில் அறுபது அடிக்கு ஒன்பது லிட்டர் தண்ணீர் நிற்கும். காலையில் குழாயைத் திறந்தால் ராத்திரி முழுக்க ஆறிப்போன அந்தத் தண்ணீர் எல்லாம் வெளியேறி, பைப்பும் சூடாகி, அப்புறம்தான் வெந்நீர் வரும். தினமும் முக்கால் வாளி நல்ல தண்ணீர் சாக்கடைக்குப் போனது. மிஷின் சரியில்லை என்று அம்மாவே சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். கடையில் கேட்டால் பிளம்பரைக் கேளுங்கள் என்றார்கள், பிளம்பர் போனை எடுக்கவில்லை. கடைசியில் வேறொரு ஆளை வைத்து, குளியலறைக்கு நேர் மேலே ஹீட்டரை நகர்த்தி, வெந்நீர் தாங்குகிற முக்கால் இஞ்ச் சிபிவிசி பைப்பை இருபத்தைந்து அடிக்குள் முடித்து, மேலே கறுப்பு நுரை உறை போட்டோம். அதற்கு 6,500 ரூபாய் ஆனது. இப்போது ஒரு சொம்பு, இரண்டு சொம்பு போனதும் சூடு வந்துவிடுகிறது. ஹீட்டர் எங்கே வைப்பது என்பதைக் கடைக்காரர் முடிவு செய்ய விடாதீர்கள், நிழல் விழாத இடத்தில் குளியலறைக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு பக்கம். பழைய மட்டப்பா வீடாக இருந்தால் நடுவில் வைக்காமல் சுவர் மேல் பாரம் இறங்குகிற மாதிரி வையுங்கள், தண்ணீரோடு சேர்த்தால் 200 கிலோவுக்கு மேலே நிற்கும். நகர்த்தும்போதுதான் பார்த்தோம், ஸ்டாண்டுக்குக் கீழே செங்கல் மட்டும் முட்டுக் கொடுத்திருந்தார்கள், ஆடிக்காற்றுக்கு அது எத்தனை நாள் தாங்கும்? காங்கிரீட் கட்டி போட்டு போல்ட் முறுக்கியாகிவிட்டது.

இரண்டாவது குறைதான் பெரியது, இதைத்தான் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று எழுத உட்கார்ந்தேன். மூன்றாவது வருடம் ஐப்பசியில் சாக்கை அவிழ்த்த பிறகும் தண்ணீர் வெதுவெதுப்புக்கு மேலே ஏறவில்லை. நல்ல வெயில், மேகம் கிடையாது. சர்வீஸுக்கு வந்த தம்பி ஒரு கண்ணாடிக் குழாயை உருவிக் கவிழ்த்தான், ஒரு கைப்பிடிக்கு மேலே வெள்ளையாகச் சுண்ணாம்புக் கட்டி கொட்டியது. "அண்ணாச்சி, வெயில்ல ஒரு கோளாறும் இல்ல, தண்ணிலதான் இருக்கு" என்றான்.

எங்கள் தெருவில் மாநகராட்சிக் குழாயில் தாமிரபரணித் தண்ணீர் வரும், ஆனால் தினமும் வராது. மற்றதற்கு போர் தண்ணீர். இரண்டையும் ஒரே மேல் தொட்டியில்தான் ஏற்றிக்கொண்டிருந்தோம். போர் தண்ணீரின் டீடிஎஸ், அதாவது கரைந்திருக்கிற உப்பின் அளவு, பார்த்தால் 1,200க்கு மேலே காட்டியது. கடினத் தண்ணீர் சூடானால் அதில் கரைந்திருக்கிற சுண்ணாம்பு பிரிந்து படியும், பாத்திரத்தில் வெந்நீர் போட்டால் அடியில் வெள்ளை படிகிறதே, அதுவேதான். கண்ணாடிக் குழாய் அகலமாக இருப்பதால் ஓட்டம் உடனே அடைபடாது, ஆனால் அடியில் கட்டி சேரச்சேர சூடு மேலே ஏறாது. தாமிரத் தகடு வைத்த மாடல், எஃப்பிசி, இன்னும் உறுதியானதுதான், எளிதில் உடையாது, குரங்குத் தொல்லை இருக்கிற பாபநாசம், குற்றாலம் பக்கம் அதுவே நல்லது. ஆனால் அதன் பைப் மெல்லியது, நம்ம போர் தண்ணீரை நேராக விட்டால் அடைத்துவிடும், நம்ம தண்ணீர் அந்தப் பைப்புக்குள் போகாமல் சூட்டை மட்டும் வாங்கிக்கொள்கிற, ஹீட் எக்ஸ்சேஞ்சர் வைத்த மாடலாக வாங்க வேண்டும், விலை கூடும். டாங்கும் பார்த்து வாங்க வேண்டும். உப்புத் தண்ணீருக்கு சாதாரண ஸ்டீல் டாங்க் வெல்டிங் ஓரத்தில் ஓட்டை விழும், உள்ளே எனாமல் பூச்சு உள்ளது கேளுங்கள், உள்ளே மெக்னீசியம் கம்பி ஒன்று இருக்கும், டாங்க் அரிக்காமல் அது தானே கரைந்து காப்பாற்றும், அதைச் சில வருடத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும். கடையில் இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. தண்ணீர் என்ன தண்ணீர் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நாங்கள் செய்தது இது: ஆற்றுத் தண்ணீருக்கு மட்டும் 500 லிட்டர் தொட்டி ஒன்று தனியாக வைத்து, ஹீட்டருக்கு அதிலிருந்து மட்டும் இணைப்பு கொடுத்தோம். அந்தத் தொட்டியின் அடிமட்டம் சோலார் டாங்கின் தலைக்கு மேலே இருக்க வேண்டும், அதற்காக இரும்பு ஸ்டாண்ட் அடித்தோம். சோலார் டாங்கில் இருந்து காற்று வெளியேற வைக்கிற காற்றுப்போக்கி பைப் அந்தத் தொட்டியின் தண்ணீர் மட்டத்தைவிட உயரமாக நிற்க வேண்டும், இல்லாவிட்டால் அது வழியே தண்ணீர் வழிந்துகொண்டே இருக்கும். குழாய்களை எல்லாம் உருவி எலுமிச்சை உப்புக் கரைசலில் ஊறவைத்துக் கழுவினான் அந்தத் தம்பி. இரண்டு குழாயை மாற்றினோம். எது கெட்டது என்று கண்டுபிடிக்க ஒரு வழி சொல்லிக்கொடுத்தான்: குழாயின் கீழ் நுனியில் வெள்ளி மாதிரி மின்னும், உள்ளே காற்றுப் புகுந்துவிட்டால் அது பால் வெள்ளையாகிவிடும். இப்போது மாதம் ஒரு தடவை மேலே ஏறினால் நானே பார்த்துக்கொள்கிறேன். கழுவிய பிறகு தண்ணீர் நிரப்புவது அதிகாலையிலோ சாயங்காலத்திலோதான் இருக்க வேண்டும். உச்சிவெயிலில் காய்ந்த குழாயில் பச்சைத் தண்ணீர் விட்டால் படாரென்று வெடிக்கும்.

மழைக்காலத்தில் வருமா என்று கேட்பார்கள். வடகிழக்கு மழை விடாமல் பிடித்தால் வராது. வருடத்துக்குப் பத்துப் பதினைந்து நாள் பழைய கரண்ட் ஹீட்டரைப் போடுகிறோம், அதைக் கழற்றி எறியாமல் வைத்திருந்தது நல்லதாகப் போனது. சோலார் டாங்குக்குள்ளேயே கரண்ட் காயில் வைத்துத் தருகிறேன் என்றார்கள், வேண்டாம் என்றேன். ஒரு வாளிக்காக 200 லிட்டரையும் சூடாக்கிக்கொண்டிருக்கும் அது.

2023 டிசம்பர் வெள்ளத்தைச் சொல்ல வேண்டும். 17, 18 தேதிகளில் கொட்டிய மழையில் எங்களுக்குக் கரண்ட் போய் மோட்டார் ஓடவில்லை, மேல் தொட்டி காலி. மேல் தொட்டி காலியானால் சோலார் டாங்க் நிறையத் தண்ணீர் இருந்தாலும் குழாயில் வராது, மேலே இருந்து தண்ணீர் தள்ளினால்தான் வெந்நீர் வெளியே வரும். அப்போதுதான் டாங்க் அடியில் இருக்கிற ட்ரெயின் வால்வு ஞாபகம் வந்தது. திறந்து குடம் குடமாகப் பிடித்து, குடிக்க இல்லை, பாத்திரம் கழுவவும் கக்கூஸுக்கும் இரண்டு நாள் ஓட்டினோம். அந்த வால்வைக் கைக்கு எட்டுகிற இடத்தில் வைக்கச் சொல்லுங்கள்.

பணம் திரும்புமா? குளிர்காலப் பில் இப்போது 400க்குள் நிற்கிறது, ஒரு பில்லுக்கு ஆயிரத்து இருநூறு ரூபாய் வரை மிச்சம். ஆனால் வருடத்தில் நாலு பில்லுக்குத்தான் இந்த மிச்சம், கோடையில் மிச்சப்படுத்த ஒன்றும் இல்லை. பைப் வேலை, தொட்டி எல்லாம் சேர்த்தால் போட்ட காசு வர ஒன்பது வருடத்துக்கு மேலே ஆகும். முதலிலேயே சரியாகச் செய்திருந்தால் ஏழு வருடத்தில் வந்திருக்கும். இரண்டு வருடத்தில் காசு திரும்பும் என்று கடையில் சொன்னால் நம்பாதீர்கள், அது பெங்களூருக்கோ ஊட்டிக்கோ சரியாக இருக்கலாம், வருடம் முழுக்க வெந்நீர் வேண்டிய ஊர்கள் அவை.

இதற்குப் பதில் கரண்ட் தருகிற சோலார் பேனல் போடலாமே என்று அத்தான் கேட்டார். அவர் கேட்டதும் நியாயம். பேனலுக்கு மத்திய அரசு 2024இல் தொடங்கிய திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000, 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் இருக்கிறது, வெந்நீர் ஹீட்டருக்கு இருந்த மானியம் எப்போதோ நின்றுபோனது. பேனல் பன்னிரண்டு மாதமும் சம்பாதிக்கும். ஆனால் அது தன் மேல் விழுகிற வெயிலில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் கரண்ட் ஆக்கும், வெந்நீர் ஹீட்டரின் கண்ணாடிக் குழாய் பாதிக்கு மேலே சூடாக்கிவிடும். கரண்ட் கட்டானால் வாரியத்தோடு இணைத்த பேனலும் நின்றுவிடும், இது நிற்காது. தட்டட்டியில் இடமும் கையில் காசும் இருந்தால் பேனல்தான் முதலில் என்று அவரிடம் சொன்னேன். வீட்டில் வயதானவர்கள் இருந்து, ஆற்றுத் தண்ணீர் வருகிற தெருவாக இருந்தால் இது. போர் தண்ணீர் மட்டும்தான் என்றால் நான் வாங்கச் சொல்ல மாட்டேன்.

அத்தான் வீட்டில் மாமியார் படுக்கையில் இருக்கிறார்கள், ஆற்றுத் தண்ணீரும் வருகிறது. ஞாயிற்றுக்கிழமை டேப் எடுத்துக்கொண்டு போகிறேன், தொட்டி எத்தனை அடி உயரத்தில் நிற்கிறது என்று முதலில் அளக்க வேண்டும்.