சர்க்கரை இருக்கிறது என்று சொன்ன பிறகும் பாதத்தில் பிளேடு வைத்தார்கள்: பெடிக்யூருக்குப் போகும் ஆண்களுக்கு ஓர் எச்சரிக்கை

மெனிக்யூர், பெடிக்யூர் என்று கை கால் பராமரிப்புக்குச் சலூனுக்குப் போகும் ஆண்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டுப் போங்கள். வீட்டில் சர்க்கரை நோயுள்ள பெரியவர்களை அழைத்துப் போகும் எண்ணம் இருந்தால் கட்டாயம் படியுங்கள். கோயம்புத்தூரில் குளிர்சாதன வசதியும் கண்ணாடிக் கதவுமாகப் பளபளக்கும் ஒரு சலூனில் என் சித்தப்பாவின் காலை அறுத்து அனுப்பிவிட்டார்கள். புகார் நடந்துகொண்டிருப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை. ஆனால் அங்கே நடந்தது வேறு எந்தக் கடையிலும் நடக்கலாம்.

சித்தப்பா ஓய்வுபெற்ற அரசு பஸ் ஓட்டுநர். பொள்ளாச்சி–வால்பாறை வழித்தடத்தில் பல வருடம் ஓட்டியவர். அந்த மலைப்பாதையின் 40 கொண்டை ஊசி வளைவுகளிலும் கிளட்ச் மிதித்து மிதித்து இடது பாதம் காய்த்துப்போயிருக்கும். இரண்டு குதிகாலிலும் பித்தவெடிப்பு. என் தங்கையின் கல்யாணம் நெருங்கியபோது, மணமேடையில் வெறுங்காலோடு நிற்க வேண்டுமே என்று அவரே கூச்சப்பட்டார். கல்யாண வீட்டு ஆண்களுக்குச் சலுகை விலையில் பெடிக்யூர் என்று ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. இருவரும் போனோம்.

ஆண்களுக்கு எதற்கு இதெல்லாம் என்று கேட்பவர்கள் உண்டு. எங்கள் தாத்தா காலத்தில் முடிதிருத்துபவர் வீட்டுக்கே வந்து, திண்ணையில் உட்காரவைத்து, முகம் மழித்துக் கை கால் நகங்களையும் வெட்டிவிட்டுத்தான் போவார். அதை யாரும் பெண்கள் சமாசாரம் என்று சொன்னதில்லை. நாள் முழுக்க நின்றே வேலை செய்கிறவர்கள், ஹெல்மெட்டும் ஷூவுமாக அலைகிறவர்கள், பட்டறையில் இரும்போடு மல்லுக்கட்டுகிறவர்கள், எல்லோருக்கும் பாதத்தைக் கவனிக்க ஆள் வேண்டும். இன்று ஆண்கள் வெட்கமில்லாமல் அந்த நாற்காலியில் உட்காருவது நல்ல மாற்றம் என்றே நினைக்கிறேன். புதிதாக வருகிற இவர்களுக்கு எதைக் கேட்க வேண்டும், எதை மறுக்க வேண்டும் என்று தெரியாது. அந்தத் தெரியாமையை வைத்துத்தான் இந்தக் கடைகள் பிழைக்கின்றன.

உள்ளே நுழைந்ததும் ஒரு படிவத்தை நீட்டினார்கள். முழுக்க ஆங்கிலம், பொடி எழுத்து. சித்தப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "தம்பி, எனக்கு ரொம்ப வருடமாகச் சர்க்கரை இருக்கிறது, பார்த்துச் செய்யுங்கள்" என்றார். "தினமும் சர்க்கரை உள்ளவர்கள் எத்தனையோ பேர் வருகிறார்கள் ஐயா, ஒன்றும் ஆகாது" என்றார் மேலாளர். இந்த ஒரு வாக்கியத்தை நினைவில் வையுங்கள்.

நீர் சுழலும் தொட்டியில் காலை வைக்கச் சொன்னார்கள். ரோஜா இதழும் எலுமிச்சை வில்லையும் மிதந்தன. பக்கத்து நாற்காலிக்காரர் எழுந்ததும் தண்ணீரை வடித்தார்கள், புதுத் தண்ணீர் விட்டார்கள், புது இதழைத் தூவினார்கள், அடுத்தவரை உட்காரவைத்தார்கள். தொட்டியை யாரும் தேய்க்கவில்லை. எழுந்து போனவருக்குப் பயன்படுத்திய கருவித் தட்டு அப்படியே சித்தப்பாவின் பக்கம் நகர்ந்தது. நகம் ராவும் அரத்தின் வரிகளுக்குள் வெள்ளைப் பொடி அடைந்திருந்தது. இன்னொருவருடைய நகத்தின் தூள். சுட்டிக்காட்டினேன். எதையோ தெளித்துத் துடைத்து, நீல விளக்கெரியும் ஒரு பெட்டியில் வைத்துவிட்டு, கொஞ்ச நேரத்திலேயே எடுத்து, "ஸ்டெரிலைஸ் ஆகிவிட்டது சார்" என்றார் பெடிக்யூர் செய்ய வந்த பையன்.

அந்த நீல விளக்குப் பெட்டியை நம்பாதீர்கள். ஒளி நேராக விழும் இடத்தில்தான் புற ஊதாக் கதிர் வேலை செய்யும்; அழுக்கு ஒட்டிய அரத்தின் இடுக்கில் அதற்கு வேலையில்லை. உலோகக் கருவிகளை முதலில் தேய்த்துக் கழுவி, பிறகு ஆட்டோகிளேவில் அழுத்த நீராவியில் 121 டிகிரி செல்சியஸில் குறைந்தது 15 நிமிடம் வைக்க வேண்டும். அப்படிச் செய்த கருவி மூடிய உறைக்குள் இருக்கும். உறையின் மேல் நிறம் மாறிய அடையாளம் தெரியும். அதை உங்கள் கண் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள். ஹெபடைடிஸ் பி வைரஸ் உடலுக்கு வெளியே, காய்ந்த பரப்பில்கூட ஏழு நாளாவது உயிர்ப்போடு இருக்கும். நகக்கண்ணில் ஒரு சிறு கீறல் அதற்குப் போதும்.

தொட்டியும் அப்படித்தான். 2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், வாட்சன்வில் என்ற ஊரில், ஒரே நகச் சலூனுக்குப் போய் வந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்குக் காலெல்லாம் ஆறாத கட்டிகள் கிளம்பின. ஆராய்ந்து பார்த்தபோது, சுழல் தொட்டியில் நீரை உறிஞ்சும் சல்லடைக்குப் பின்னால் முடியும் தோல் துகளும் அடைந்து கிடந்தன. அங்கேதான் கிருமி குடியிருந்தது. நான் பார்த்த கடையில் அந்தச் சல்லடையைக் கழற்ற முடியும் என்பதே ஊழியர்களுக்குத் தெரிந்ததாகத் தோன்றவில்லை. சுழல் தொட்டியைவிடச் சாதாரண பிளாஸ்டிக் பேசின் நல்லது. குழாய் இல்லை, சல்லடை இல்லை; தேய்த்துக் கழுவிவிடலாம்.

பிறகு பையன் ஒரு பிளேடு செருகிய சீவுளியை எடுத்தார். "பிளேடு வேண்டாம், கல்லால் தேய்த்தால் போதும்" என்றேன். "இவ்வளவு தடிப்புக்குக் கல் நிற்காது சார்" என்று சொல்லி முடிப்பதற்குள் சீவத் தொடங்கிவிட்டார். சித்தப்பா அப்போது ஒன்பதாவது வளைவில், லோம்ஸ் வியூ பாயின்டில், மூடுபனியில் பஸ்ஸை நிறுத்திவைத்த கதையை அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். வெள்ளைத் துண்டில் ரத்தம் பரவியதை நான்தான் பார்த்தேன்.

"சித்தப்பா, வலிக்கவில்லையா?"

"எது?" என்று கேட்டார்.

கதை ஒரு நொடிகூட நிற்கவில்லை. சர்க்கரையால் பாதத்தில் உணர்வே இல்லாத மனிதருக்குப் பிளேடு எவ்வளவு ஆழம் போகிறது என்று எப்படித் தெரியும்? பையனின் முகம் வெளிறிவிட்டது. ஓடிப்போய், முகம் மழித்த பிறகு எல்லோருடைய தாடையிலும் தேய்க்கும் அதே படிகாரக் கட்டியை எடுத்துவந்து காயத்தில் வைத்தார். அதற்கு முன்பே பெருவிரல் நகத்தோரத் தோலையும் வெட்டி முடித்திருந்தார்.

அந்தப் பையன் மேல் எனக்குக் கோபம் இல்லை. கூட்ட நாளில் எல்லா நாற்காலிக்கும் சேர்த்து இரண்டே செட் கருவிதான் என்று வாசலில் என்னிடம் மெதுவாகச் சொன்னவரே அவர்தான். கோபமெல்லாம் அவரை அப்படி வேலை வாங்குகிறவர்கள் மேல்.

கல்யாணத்துக்குள் பெருவிரலில் நகச்சுற்று வந்து சீழ் கட்டியது. குதிகால் காயத்தைச் சுற்றிச் சிவந்து வீங்கியது. சர்க்கரை நோய்ப் பாதச் சிகிச்சை மருத்துவர் மெல்லிய நைலான் இழை ஒன்றைப் பாதத்தில் அங்கங்கே அழுத்தி, தெரிகிறதா என்று கேட்டார். பெரும்பாலான இடங்களில் சித்தப்பாவுக்குத் தெரியவில்லை. சீழை எடுத்துக் கட்டுப் போட்டு, ஆன்டிபயாடிக் கொடுத்து, அந்தக் காலில் எடை தாங்கக் கூடாது என்றார். இப்படிப்பட்ட காலை நெடுநேரம் ஊறவைக்கவே கூடாது, சூடு கூடினாலும் தெரியாது. காய்ப்பையும் கால் ஆணியையும் மருத்துவமனையில்தான் எடுக்க வேண்டும். நகத்தை நேராக வெட்ட வேண்டும், ஓரத்தில் உள்ளே குடையக் கூடாது. நகத்தோரத் தோல் கிருமி நுழையாமல் காக்கும் அடைப்பு, அதை யாருக்குமே வெட்டக் கூடாது என்றும் சொன்னார். 2023-இல் வெளியான ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) ஆய்வின்படி இந்தியாவில் சர்க்கரை நோயுள்ளவர்கள் 10 கோடிக்கும் மேல். சலூன் வாசலில் ஒவ்வொருவரிடமும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, சர்க்கரை இருக்கிறதா என்பதுதான். இங்கே கேட்கவும் இல்லை. நாங்களாகச் சொன்னதை மதிக்கவும் இல்லை.

தங்கை கழுத்தில் தாலி ஏறியபோது சித்தப்பா மேடைக்குக் கீழே, இன்னொரு நாற்காலியில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவளைத் தூக்கி வளர்த்தவர். அட்சதையை அங்கிருந்தே போட்டார்.

இனி பில். வாசல் பலகையில் 799 ரூபாய். சித்தப்பாவுக்கு மட்டும் போட்ட கணக்கு 2,299 ரூபாய். பித்தவெடிப்புச் சிகிச்சை 900, கறுப்பு நீக்கும் பூச்சு 600 என்று அவர் கேட்காததெல்லாம் சேர்ந்திருந்தது. அதற்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. சலூன் சேவைகளுக்கான வரி 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதமாகக் குறைந்துவிட்டது. நாங்கள் சலூனுக்குப் போனது அதற்குப் பிறகு. ஏறத்தாழ 300 ரூபாயை வரி என்ற பெயரில் கூடுதலாக வாங்கியிருக்கிறார்கள். பில்லில் ஜிஎஸ்டி பதிவு எண்ணும் இல்லை. பதிவு செய்யாதவர் ஜிஎஸ்டி வசூலிக்கவே கூடாது.

காயத்தின் படத்தோடு போய்க் கேட்டபோது அதே மேலாளர், "படிவத்தில் ஐயா கையெழுத்துப் போட்டிருக்கிறார், எங்களுக்குப் பொறுப்பில்லை" என்றார். போகும்போது இலவசத் தலை மசாஜுக்கு ஒரு கூப்பன் கொடுத்தார். ஒரு மனிதர் நடக்க முடியாமல் கிடக்கும்போது கூப்பன்! அதை மேசையிலேயே வைத்துவிட்டு வந்தேன். கையெழுத்து வாங்கிவிட்டால் கவனக்குறைவுக்குப் பொறுப்புப் போய்விடாது என்று வழக்கறிஞர் சொல்லியிருக்கிறார்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவு செய்தோம். கூடுதல் வரியை மட்டும் திருப்பித் தருவதாகக் கடையிலிருந்து பதில் வந்தது; ஏற்கவில்லை. மருத்துவச் செலவையும் இழப்பீட்டையும் கேட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போடுகிறோம். சேவைக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. நடந்ததிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாகவும் போடலாம். உங்களுக்கும் இப்படி நேர்ந்திருந்தால் பில்லைத் தூக்கிப் போடாதீர்கள். காயத்தைத் தேதி தெரியும்படி படமெடுங்கள். காயம் எப்படி வந்தது என்பதை மருத்துவர் தம் சீட்டில் எழுதும்படி கேட்டு வாங்குங்கள்; எங்கள் வழக்கறிஞர் முதலில் கேட்டது அந்தச் சீட்டைத்தான்.

சித்தப்பா இப்போது எம்சிஆர் எனப்படும் மென்மையான ரப்பர் செருப்புப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் நடக்கிறார். குதிகால் காயம் இன்னும் முழுதாக மூடவில்லை.