சிறு டிரில் பிட்டைச் சாணைக்குப் பிடித்தல்: சக்கா, காலட்டா, வி பள்ளமா?

ஒரு மில்லிமீட்டர் டிரில் பிட்டைச் சாணை பிடிக்கும்போது பெரும்பாலோரின் கவனம் கல்லின் மீதும் கோணத்தின் மீதும்தான் இருக்கும். முனை மையத்தில் விழுமா விழாதா என்பதையோ, கல் தொடுவதற்கு முன்பே பிடிப்பு முடிவு செய்துவிடுகிறது. 10 மி.மீ. பிட்டில் முனை 0.05 மி.மீ. விலகினால் அது விட்டத்தில் அரை விழுக்காடு, 1 மி.மீ. பிட்டில் அதே விலகல் ஐந்து விழுக்காடு. அந்நிலையில் ஒரு வெட்டு விளிம்பே பெரும்பாலான வேலையைச் செய்யும், துளை பெரிதாகும், மெல்லிய பிட் வளைந்து முறியும்.

3 மி.மீ.க்குக் கீழே கூம்பு வடிவில் அசைத்துத் தீட்டுவது கடினம் என்பதால், தட்டை முகங்களாகத் தீட்டுவதே வழக்கம். ஒரு பக்கத்தைத் தீட்டி, சரியாக 180 பாகை திருப்பி, மறுபக்கத்தையும் அதேபோல் தீட்ட வேண்டும். எனவே ஒரு பிடிப்பானை அது எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கிறது என்று பார்த்து மதிப்பிடுவதைவிட, பிட்டின் எந்தப் பரப்பை ஆதாரமாகக் கொள்கிறது, திருப்பிய பிறகு அந்த ஆதாரம் மாறாமல் நிற்கிறதா என்று பார்த்து மதிப்பிடுவதே சரி.

மூன்று தாடைகளால் பிட்டை இறுக்கும் டிரில் சக் என்னும் பிடிப்பானை முதலிலேயே விலக்கிவிடலாம். பிட்டைச் சுற்றி முறுக்கிச் செல்லும் புரிப்பள்ளங்கள் இரண்டு, சக்கில் தாடைகள் மூன்று. புரிப்பகுதியைப் பிடித்தால் ஒரு தாடை பள்ளத்துக்குள் இறங்கி பிட் சாய்ந்துவிடும். பள்ளமில்லாத பின்பகுதியான தண்டை மட்டும் பிடித்தால் நீட்டம் மிகுதியாகும். டிஐஎன் 338 என்ற ஜெர்மன் தரத்தில் 1 மி.மீ. பிட்டின் மொத்த நீளம் 34 மி.மீ., புரிப்பகுதி 12 மி.மீ. வளைவு நீட்டத்தின் மும்மடிக்கு ஏற்ப உயர்வதால், 12 மி.மீ. வெளியே நிற்கும் பிட், 4 மி.மீ. மட்டும் நிற்கும் பிட்டைக் காட்டிலும் அதே விசையில் 27 மடங்கு வளையும். கல் மெல்லத் தொட்டாலே முனை விலகி ஓடும்.

ஈஆர் காலட், அதாவது இறுக்கும்போது சுருங்கிப் பிட்டைக் கவ்வும் பிளவுபட்ட குழல், இதைவிட எவ்வளவோ மேல். பிட்டைச் சுற்றிலும் பல துண்டுகளாக அணைத்துப் பிடிப்பதால், துளையின் அளவு பிட்டின் அளவோடு பொருந்தும்போது புரிப்பகுதியைக்கூட முனைக்கு அருகிலேயே பிடிக்க முடிகிறது. அதன் பெரும் வலிமை வேறொன்று: பக்கம் மாற்றும்போது பிட்டைத் தளர்த்துவதில்லை, பிடிப்பானையே திருப்புகிறோம், ஆகவே நீளவாக்கில் பிட் இம்மியும் நகர்வதில்லை. குறை, திரும்பும் அச்சு பிடிப்பானுடையது, பிட்டுடையது அன்று என்பதில் இருக்கிறது. நுண்ணளவு காட்டும் டயல் இண்டிகேட்டரில் 0.02 மி.மீ. ரன்-அவுட், அதாவது சுழலும்போது தெரியும் மொத்த ஆட்டம், இருந்தால் மையம் 0.01 மி.மீ. விலகியிருக்கிறது என்று பொருள். அந்த விலகல் அப்படியே முனைக்குப் போகலாம். காலட்டை அதன் பெயரளவுக்கு, அதாவது அதில் குறித்த துளை அளவுக்கு, மிகக் கீழே இறுக்கிப் பயன்படுத்தினால் துளை இணையாக மூடாது, பிழையும் வளரும். 5சி என்னும் மற்றொரு வகைக் காலட் இவ்வகையில் இன்னும் கண்டிப்பானது. பெயரளவிலிருந்து சிறிதளவு மாறினாலும் நன்றாகப் பிடிக்காது.

பிட்டைக் கிடத்தும் ‘V’ வடிவப் பள்ளமான வி பள்ளத்தின் வழி முற்றிலும் வேறு. புரியின் ஓரமாக ஓடும் ஒடுங்கிய பட்டைகள், அதாவது மார்ஜின்கள், பள்ளத்தின் இரு சரிவுகளிலும் நேரடியாக அமர்கின்றன. துளையிடும்போது துளைச்சுவரைத் தொடுபவையும் அவையே. பிட்டைப் பள்ளத்துக்குள்ளேயே 180 பாகை உருட்டும்போது முதல் மார்ஜின் இருந்த இடத்துக்கு இரண்டாவது வருகிறது, ஆகவே பிடிப்பானின் அச்சு என்ற கேள்வியே எழுவதில்லை. பிட் தண்டை நோக்கிச் சற்றே மெலிந்து செல்வதால் அச்சு கொஞ்சம் சாயும். இரு பக்கமும் ஒரே அளவு சாய்வதால் அதனால் தீங்கில்லை. பள்ளம் எவ்வளவு நீளம் வேண்டும் என்பதையும் கணக்கிடலாம். 30 பாகைப் புரியில் ஒரு முழுச் சுற்றின் நீளம் விட்டத்தைப் போல் சுமார் 5.4 மடங்கு; 1 மி.மீ. பிட்டுக்கு 5.4 மி.மீ. அதற்குக் குறையாத நீளம் இருந்தால்தான் மார்ஜின்கள் ஒவ்வொரு சரிவிலும் குறைந்தது இரண்டு இடங்களில் ஊன்றும். அதைவிடக் குறைந்தால் பிட் ஆடும்.

ஆனால் இங்கே பிட்டை நாமே நகர்த்துகிறோம். பின்முனை ஒரு தடுப்பில் உறுதியாக முட்டாவிட்டால் வி பள்ளத்தின் நன்மை முழுவதும் வீணாகும்: 118 பாகை முனையில் 0.02 மி.மீ. நீளவாக்கு வேறுபாடு, முனையை ஏறத்தாழ 0.017 மி.மீ. பக்கவாட்டில் தள்ளிவிடும். மோசமான காலட்டின் பிழையைவிட இது சிறியதன்று. எனவே பிட்டின் வாலில் இரு இணைத் தட்டை முகங்கள் கொண்ட சிறு பிடி ஒன்றை மாட்டி, சுழற்சிக்கும் நீளத்துக்கும் ஒரே அமைப்பில் தடுப்பு வைப்பதை நான் கட்டாயம் என்றே சொல்வேன். பள்ளத்தில் தங்கும் சாணைத் துகளை ஒவ்வொரு முறையும் துடைப்பதும் அவ்வாறே.

மின்சுற்றுப் பலகைக்கான கார்பைடு பிட்டுகளில் என் தீர்ப்பு மாறும். அவற்றின் தண்டு பெரும்பாலும் 3.175 மி.மீ. என்ற ஒரே அளவில், புரிப்பகுதியோடு ஒரே அச்சில் நுணுக்கமாக அரைக்கப்பட்டது, புரிப்பகுதியும் குட்டையானது. ஒரே ஒரு நல்ல காலட், தண்டைப் பிடித்தே, அத்தனை அளவுகளுக்கும் போதும். கார்பைடு எளிதில் நொறுங்கும் என்பதால் மெல்லிய முனையைப் பள்ளத்தில் அழுத்தாமல் இருப்பதும் நல்லது.

சாதாரண எச்எஸ்எஸ் (அதிவேக எஃகு) பிட்டுகளில் 2 மி.மீ.க்குக் கீழே தடுப்புடன் கூடிய வி பள்ளத்தையே தேர்வேன். அதற்கு மேல், பெயரளவு பொருந்தும் காலட் கையிலிருந்து, இண்டிகேட்டர் 0.01 மி.மீ.க்குள் காட்டினால், காலட்டே விரைவானது. பொருந்தும் காலட் இல்லாதபோது பித்தளைத் துண்டு ஒன்றைச் சாணை பிடிக்கும் அதே பிடிப்பானில் மாட்டி, கழற்றாமலே பிட்டின் அளவுக்குத் துளையிட்டுப் பிளந்து பயன்படுத்தலாம். கழற்றி மீண்டும் மாட்டிய கணமே அதன் துல்லியம் போய்விடும்.