மார்பக மறுசீரமைப்பு: மெஷ் வைத்த சிலிகானா, வயிற்றுச் சதையா?

பாம்பன், மண்டபம் பக்கம் மார்பகம் அகற்றிய பெண்கள் சிலருக்கு இந்தக் குழப்பம்.

அறுவை: மெஷ் என்பது ஒரு வலை; சிலிகான் பையை அடியில் தாங்கும், பலருக்கு ஒரே தடவையில் முடியும். வயிற்றுச் சதையை எடுத்து மார்பகம் அமைப்பதென்றால் பல மணி நேரம், வயிற்றிலும் தழும்பு.

செலவு: மெஷ், பை இரண்டுக்கும் தனி விலை. சதைக்கு விலையில்லை, ஆஸ்பத்திரி நாள் கூடும்.

உழைப்பு: வயிற்றுச் சதை எடுத்தால் மீன் கூடை தூக்கப் பல வாரம் ஆகும். வயிற்றுக்குப் பதில் முதுகுத் தசையை எடுக்கலாம் என்று டாக்டர் சொன்னால், பாசி எடுக்க முங்குகிறவர்கள் தோள்பலம் குறையுமா என்று முதலிலேயே கேளுங்கள். புண் ஆறும்வரை எதிலும் கடலில் இறங்கக் கூடாது.

நீடிப்பு: சிலிகான் ஆயுசுக்கும் வராது. சதை உடம்போடே இருக்கும்.

கதிர்வீச்சு சிகிச்சை உண்டென்றால் என் ஓட்டு சதைக்கு. ஒல்லியான உடம்பா, சரி, மெஷ். ஆனால் சிவந்து வீங்கினால் அன்றைக்கே மதுரைக்குக் கிளம்ப வேண்டும்.