பினாங்கில் மூன்று வாரம், தூக்க முடியாத ஒரு கை

ஆஸ்திரேலியாவில், பெர்த்தில் கிளம்பும்போதே இடது தோள் தகராறு செய்தது. விமானத்தில் பையை மேலே வைக்கப் பக்கத்து சீட்டுப் பையன்தான் உதவினான். சுளுக்குதான், ஊர்க் காற்று பட்டால் போய்விடும் என்று இருந்துவிட்டேன்.

பினாங்கு ஆயர் ஈத்தாமில் பெரியம்மா வீடு. சட்டை மாட்ட நான் படும் பாட்டைப் பார்த்ததும், "இதுக்கெல்லாம் டாக்டரா? வாய்யா, நல்லா உருவிவிடுற ஆள் இருக்கு" என்று கூட்டிப்போனார். 60 வெள்ளி (ரிங்கிட்). கோடாலித் தைலம் மணக்க, அவர் என் கையைத் தலைக்கு மேலே ஓர் இழு இழுத்தார். அன்று இரவு நாற்காலியில் உட்கார்ந்தபடிதான் தூக்கம்.

மறுநாள் ஒரு தனியார் கிளினிக். பத்து நிமிடத்தில் உள்ளே விட்டார்கள். எக்ஸ்ரே, வலி மாத்திரை, எம்ஆர்ஐ எடுக்கச் சொல்லி ஒரு தாள், 280 வெள்ளி. எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லையாம். என் தோளை அங்கே யாரும் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

அடுத்த நாள் பெரியம்மாவுக்கு அரசாங்கக் கிளினிக்கில் இனிப்பு நீர் (சர்க்கரை நோய்) செக்கப். துணைக்குப் போன நானும் ஐசியை, அதாவது மலேசிய அடையாள அட்டையை, நீட்டினேன். குடிமக்களுக்கு 1 வெள்ளி. வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர்களுக்குக் கட்டணம் வேறு, கூடுதல். காலை 7.30க்கு நம்பர் எடுத்து, 10.15க்குக் கூப்பிட்டார்கள். இடையில் ரொட்டி சானாயோடு பசியாறிவிட்டே வந்தோம்.

டாக்டர் சின்னப் பெண். என் முழங்கையை விலாவோடு ஒட்டவைத்து, முன்கையை வெளிப்பக்கம் திருப்பச் சொன்னார். போகவில்லை. அவரே பிடித்துத் திருப்பினார். அதே இடத்தில் பூட்டுப் போட்ட மாதிரி நின்றது. நானாக அசைத்தாலும் அடுத்தவர் அசைத்தாலும் ஒரே இடத்தில் நிற்கிறது, எக்ஸ்ரேயில் தேய்மானமும் இல்லை. அப்படியென்றால் தோள் மூட்டைச் சுற்றியிருக்கும் உறை தடித்து இறுகிவிட்டது, ஃப்ரோசன் ஷோல்டர் என்றார். அந்த உறை எக்ஸ்ரேயில் தெரியாது. பெரும்பாலும் 40 முதல் 60 வயதுக்குள் வருவது. முதலில் வலி, பிறகு இறுக்கம், அப்புறம் மெல்ல இளகும். எல்லாம் சேர்த்து ஒன்றிலிருந்து மூன்று வருடம்வரை ஆகலாம். அதை ஒரே இழுப்பில் எடுக்கப் பார்த்திருக்கிறோம்!

"சீனி இருக்கா?" என்று கேட்டார். இல்லை என்றேன், கொஞ்சம் பெருமையாகவே. விரலில் குத்திப் பார்த்தார்கள். 12.4 mmol/L, சீனி அதிகம். இனிப்பு நீர் உள்ளவர்களுக்கு இந்த இறுக்கம் மற்றவர்களைவிட அதிகம் வருமாம். பெரியம்மாவின் மோதிர விரல் காலையில் மடங்கிக் கிடந்து 'டிக்'கென்று நிமிர்கிறதே, அதுவும் இதற்குப் பங்காளிதான்: விரலின் தசைநார் ஓடும் உறை தடித்துப்போவது. தேங்காய் பிழிந்து பிழிந்து வந்தது என்று அவர் பத்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

பிசியோவுக்குப் பெரிய மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்தார்கள். கிடைத்த தேதி ஆறு வாரம் கழித்து. எனக்கு டிக்கெட்டோ பதினாறு நாளில். வேறு வழியில்லாமல் தனியாரிடம், ஒரு தடவைக்கு 90 வெள்ளி. நம் தமிழ்ப் பெண்தான். "அங்கிள், வீம்புக்கு இழுக்காதீங்க. லேசா வலிக்கிற இடத்துல நிறுத்திக்குங்க" என்றாள். (அங்கிள்! சரி, 52 ஆகிறதுதான்.) பத்து நிமிடம் சூட்டு ஒத்தடம், குனிந்து நின்று கையைத் தொங்கவிட்டு ஆட்டுவது, சுவரில் விரல்களை எறும்பு போல மேலே ஏற்றுவது, தினமும் மூன்று வேளை. ஸ்டீராய்டு ஊசி போட்டால் சில நாளைக்குச் சீனி ஏறும், பெர்த் டாக்டரைக் கேட்டு முடிவு செய்யுங்கள் என்றும் சொன்னாள்.

விரல் எட்டிய இடத்தைப் பெரியம்மா வீட்டு ஹால் சுவரில் பென்சிலால் குறித்துவைத்தேன். முதல் கோடு காலண்டர் ஆணிக்கு நேரே. கிளம்பிய அன்று போட்டது அதற்கு நாலு விரற்கடை மேலே. துடைக்கப் போனேன். "விடுய்யா, தீபாவளிக்குப் பெயிண்ட் அடிக்கிறப்போ பார்த்துக்கலாம்" என்றார் பெரியம்மா.