பாயிண்டைக் கழற்றி எலக்ட்ரானிக் மாட்டப் போகிறீர்களா? முதலில் என் கதையைக் கேளுங்கள்

பழைய கார் வைத்திருப்பவர்கள் கொஞ்சம் நில்லுங்கள். சி.பி. பாயிண்டை (காயிலுக்குப் போகிற கரண்ட்டைத் திறந்து மூடித் துண்டித்து, பிளக்கில் ஸ்பார்க் வரவைக்கும் சின்ன ஸ்விட்ச்) தூக்கிவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் கிட் மாட்டலாம் என்று யாராவது உங்களிடம் பேசிக்கொண்டிருந்தால், பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். இரண்டு மாட்யூல், ஒரு காயில் (ஸ்பார்க்குக்கான உயர் வோல்ட்டைத் தருவது), நடுவழியில் நின்ற மூன்று மாலைகள், இதெல்லாம் போன பிறகுதான் எனக்கே விஷயம் புரிந்தது.

என் காரின் குறை ரொம்பச் சின்னது. நான்கு சிலிண்டர் எஞ்சின், ஐட்லிங் சீராக நிற்காது. பாயிண்ட் இடைவெளியை ஃபீலர் கேஜ் வைத்து 0.40 மில்லிமீட்டருக்கு நானே வைப்பேன். மறுநாள் அளந்தால் 0.30 காட்டும், இன்னொரு நாள் 0.45. எனக்குத்தான் கை சரியில்லை என்று நினைத்தேன். உண்மையில் துப்பு அங்கேயே இருந்தது, நான் கவனிக்கவில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

பழைய கார்களை மட்டுமே பார்க்கிற ஒரு ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். பெயர் வேண்டாம். அங்கிருந்தவர் டிஸ்ட்ரிபியூட்டர் (பிளக்குகளுக்கு ஸ்பார்க்கைப் பிரித்து அனுப்புவது, பாயிண்டும் இதற்குள்தான்) மூடியைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு, "இது நூறு வருஷத்து டெக்னாலஜி சார். தூக்கிப் போடுங்க. எலக்ட்ரானிக் மாட்டிட்டா அப்புறம் பானெட்டையே திறக்க வேண்டாம்" என்றார். நூறு வருஷம் என்பதில் பொய்யில்லை. சார்ல்ஸ் கெட்டரிங் வடிவமைத்த பேட்டரி இக்னிஷன் 1910 காடிலாக்கில் வந்தது, அதன் வழிவந்ததுதான் இது. பானெட்டைத் திறக்க வேண்டாம் என்றதுதான் பொய். கிட் மாட்டியபின் வந்த நான்கு மாதத்தில் திறந்த அளவுக்கு அதற்கு முன் நான்கு வருஷத்தில் திறந்திருக்க மாட்டேன்.

கிட் என்பது பெரிய வித்தை இல்லை. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழலும் ரோட்டாருக்கு அடியில் காந்த வளையம் ஒன்று சுற்றும். பக்கத்தில், காந்தம் கடப்பதை உணரும் ஹால் சென்சார் உள்ள சின்ன மாட்யூல். பாயிண்ட் திறந்து மூடி செய்த வேலையை இது தேயாமல், தீப்பொறி தெறிக்காமல் செய்கிறது. 3000 ஆர்.பி.எம்-இல் நான்கு சிலிண்டர் எஞ்சினுக்கு நொடிக்கு 100 ஸ்பார்க் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் காயிலுக்குப் போகிற கரண்ட்டை விட்டுவிட்டு நிறுத்தியாக வேண்டும். அந்தக் கரண்ட் எவ்வளவு என்பதைக் காயிலின் ஓம் கணக்குதான் தீர்மானிக்கிறது. என் கதை முழுக்க இந்த ஒரு எண்ணில்தான் இருக்கிறது.

என் காரில் இருந்தது 3 ஓம் காயில், பேலஸ்ட் (காயிலுக்குப் போகிற கரண்ட்டைக் குறைக்கும் ரெசிஸ்டர்) இல்லாத வயரிங். 12 வோல்ட்டை 3-ஆல் வகுத்தால் 4 ஆம்பியர். நல்ல நிலையில் இருந்த அந்தக் காயிலையும் கழற்றிவிட்டு, "இதுக்கு ஏத்த ஸ்போர்ட்ஸ் காயில்" என்று பளபளவென்று ஒன்றை மாட்டினார்கள். அது 1.5 ஓம். அதாவது 8 ஆம்பியர். மாட்யூலால் அதைத் தாங்க முடியுமா என்று அங்கே ஒருவரும் பார்க்கவில்லை. மல்டிமீட்டரை யாரும் கையில்கூட எடுக்கவில்லை.

முதல் வாரம் கார் பறந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். சாவியைத் திருப்பினால் உடனே ஸ்டார்ட். எனக்கு ஒரே சந்தோஷம், தெரிந்தவர்களிடமெல்லாம் அந்த ஒர்க்‌ஷாப்பைப் புகழ்ந்தேன். (அவர்களில் ஒருவர் போய் மாட்டியும் வந்துவிட்டார். இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.) இரண்டாவது வாரம், அரை மணி நேரம் ஓட்டியபின் எஞ்சின் பொட்டென்று நின்றது. தடுமாற்றம், இருமல் எதுவும் இல்லை, ஸ்விட்ச் அணைத்த மாதிரி. அரை மணி நேரம் ஓரமாக நின்றேன். பிறகு எதுவும் நடக்காதது போல ஸ்டார்ட் ஆனது. சூட்டில் செத்து, ஆறினால் உயிர் வருகிறது என்றால் மாட்யூல் அல்லது காயில் மேல் சந்தேகப்பட வேண்டும் என்று இப்போது தெரியும். அப்போது பெட்ரோல் பம்ப் என்று நினைத்தேன்.

ஒர்க்‌ஷாப்பில் போய் நிறுத்தினால் அதற்குள் ஆறியிருக்கும், உடனே ஸ்டார்ட் ஆகும். "ஒரு குறையும் இல்லையே சார்." இப்படி இரண்டு தடவை. மூன்றாவது தடவை ஒரேயடியாகச் செத்தது. அப்போது கேட்ட கேள்வி: "எஞ்சின் ஓடாம சாவியை ஆன்ல வெச்சிருந்தீங்களா?" ஆமாம், ரேடியோ கேட்க வைத்திருந்தேன். "அப்போ உங்க தப்பு. வாரண்டி கிடையாது." எஞ்சின் ஓடாமல் இக்னிஷன் ஆனில் இருந்தால் சில மாட்யூல்கள் காயிலுக்குக் கரண்ட்டை விட்டபடியே நிற்கும் என்பது உண்மைதான். 1.5 ஓம் காயில் என்றால் 96 வாட் சூடு. ஆனால் மாட்டிக் கொடுத்த அன்று யாரும் இதைச் சொல்லவில்லையே! இரண்டாவது மாட்யூலுக்கும் முழுப் பணம் கொடுத்தேன். அதை அதே காயிலில்தான் மாட்டினார்கள். மூன்று வாரம் தாங்கியது. அதன்பின் வந்த பதில், "வண்டி பழசு சார், அப்படித்தான் இருக்கும்."

சரி, பழைய பாயிண்ட், கண்டென்சர், என் பழைய காயிலைத் திருப்பிக் கொடுங்கள் என்றேன். குப்பையில் போட்டாயிற்றாம். எனக்கு அதிகக் கோபம் வந்தது இங்கேதான். அவை இருந்திருந்தால் அரை மணி நேரத்தில் பழையபடி மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பேன். பில்லிலும் "எலக்ட்ரிக்கல் வேலை" என்று ஒற்றை வரி. எந்த மாட்யூல், எந்தக் காயில், எதுவும் இல்லை.

கிட்டோடு வந்த காகிதத்தை மட்டும் வற்புறுத்தி வாங்கினேன். பெட்டிக்குள் மடித்தது மடித்தபடியே இருந்தது. நான்கு சிலிண்டருக்குக் காயில் 3 ஓமுக்குக் குறையக் கூடாது என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தது. செம்புக் கம்பி உள்ள பிளக் வயர் கூடாது, ரெசிஸ்டன்ஸ் உள்ளதுதான் வேண்டும் என்றும் இருந்தது. என் காரில் செம்புதான்.

பிறகு வேறொரு மெக்கானிக்கிடம் போனேன், வயதானவர். மூடியைத் திறந்து ரோட்டாரைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினார். ஆடியது. "புஷ் தேஞ்சு போச்சு தம்பி. ஷாஃப்ட்டே இப்படி ஆடினா இடைவெளி எப்படி நிக்கும்?" புஷ் என்பது ரோட்டாரைச் சுற்றுகிற ஷாஃப்ட்டைத் தாங்கும் வளையம். அவ்வளவுதான். 0.30, 0.45 என்று மாறிக்கொண்டிருந்ததற்குக் காரணம் அது. எலக்ட்ரானிக் மாட்டினாலும் ஷாஃப்ட் ஆட்டம் நிற்கப் போவதில்லை, டைமிங்கும் (ஸ்பார்க் வரும் நேரம்) கொஞ்சம் அலைந்துகொண்டுதான் இருக்கும். அடியில் அட்வான்ஸ் எடைகளை (வேகம் கூடக்கூட ஸ்பார்க்கை முன்கூட்டியே வரவைப்பவை) பார்த்தவர் இன்னொன்றையும் காட்டினார். இரண்டு ஸ்பிரிங்குகளில் ஒன்று வேண்டுமென்றே தளர்வாக இருக்கும், வேகம் கூடும்போதுதான் அது இழுபடும். முந்தைய ஆள் அது தொங்குகிறதென்று நினைத்து குறடால் வளையத்தை நெருக்கியிருக்கிறார். கார் மேடு ஏற மறுத்ததும் (இதை முன்பு சொல்ல விட்டுவிட்டேன்) அதனால்தான்.

கிட்டே மோசம் என்று நான் சொல்லவில்லை. ஒழுங்காக மாட்டினால் வருஷக்கணக்கில் ஓடுகிறது. ஆனால் மாட்டுகிறவர் முதலில் ஷாஃப்டை ஆட்டிப் பார்க்கிறாரா என்று பாருங்கள். காயிலின் இரண்டு சின்ன வயர்களையும் கழற்றிவிட்டு ஓம் அளக்கச் சொல்லுங்கள். மீட்டர் முனைகளை ஒன்றோடொன்று தொட்டால் காட்டுகிற எண்ணை அதிலிருந்து கழிக்க வேண்டும், இல்லாவிட்டால் 1.5 என்பது 2 போலத் தெரியும். பேலஸ்ட் இருக்கிறதா என்று கேளுங்கள். பாயிண்ட் மூடியிருக்க, இக்னிஷன் ஆனில், காயிலின் பிளஸ்ஸில் 12-க்குப் பதிலாக 6, 7 வோல்ட் வந்தால் இருக்கிறது என்று பொருள், மாட்யூலின் சிவப்பு வயரை அங்கே இணைத்தால் அதற்கு முழு வோல்ட் போகாது. ரொம்பப் பழைய பிரிட்டிஷ் கார் என்றால் பேட்டரியின் பிளஸ் எர்த்தா, மைனஸ் எர்த்தா (எந்த முனை காரின் பாடியோடு இணைந்திருக்கிறது) என்று பார்க்காமல் கிட்டையே வாங்காதீர்கள். மாற்றி மாட்டினால் சாவியைத் திருப்பிய நொடியிலேயே மாட்யூல் எரிந்துபோய்விடலாம். முடித்ததும் டைமிங் லைட் வைத்துப் பார்த்தாக வேண்டும். என் காரில் காதால் கேட்டே வைத்தார்கள்.

கழற்றிய சாமான்களைக் கையோடு வாங்கிக்கொண்டு வாருங்கள், துருப்பிடித்திருந்தாலும் பரவாயில்லை.

இப்போது புது புஷ், புது பாயிண்ட், 3 ஓம் காயிலோடு கார் ஓடுகிறது. இடைவெளி இரண்டு மாதமாக 0.40-ஐ விட்டு நகரவில்லை. போன வாரம் அந்த ஒர்க்‌ஷாப்காரரை வழியில் பார்த்தேன். "வண்டியைக் கொண்டு வாங்க சார், புது மாடல் மாட்யூல் வந்திருக்கு" என்றார்.