இன்ஜின் லைட் எரிந்தால் எங்கே போவது: சர்வீஸ் சென்டரா, ஏரியா மெக்கானிக்கா, போனில் பார்க்கும் டாங்கிளா?

போன வருஷம் ஒரு மாலை, சில்க் போர்டு சிக்னலில் நிற்கும்போது மீட்டரில் மஞ்சள் இன்ஜின் லைட் எரிய ஆரம்பித்தது. வண்டி ஓடியது. ஐடிலில், அதாவது ஆக்ஸிலேட்டரை மிதிக்காமல் இன்ஜின் ஓடும்போது மட்டும், ஸ்டீயரிங்கில் லேசான நடுக்கம். பத்து வருஷம் ஓடிய பெட்ரோல் கார், வாரன்டி எப்போதோ முடிந்துவிட்டது.

இந்த நிலையில் பெங்களூரில் நமக்கு மூன்று வழிகள் இருக்கின்றன. கம்பெனி சர்வீஸ் சென்டர், பல வருஷமாகத் தெரிந்த ஏரியா மெக்கானிக், ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் 16 பின் ஓபிடி சாக்கெட்டில் (கோளாறு விவரங்களைப் படிப்பதற்கான இணைப்பு) செருகிப் போனில் பார்க்கும் ப்ளூடூத் டாங்கிள். மூன்றையும் என் காரிலும் மச்சான் காரிலும் பார்த்தாகிவிட்டது. கோளாறை யார் அளந்து பார்க்கிறார்கள், யார் பாகத்தை மாற்றிப் பார்க்கிறார்கள் என்பதை வைத்துத்தான் இப்போது முடிவெடுக்கிறேன்.

அதற்கு முன் ஒன்று. லைட் நிலையாக எரிந்தால் நிதானமாக வீடு வரை ஓட்டலாம். விட்டு விட்டு மின்னினால் பெரும்பாலும் கடுமையான மிஸ்ஃபயர், அதாவது சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை. எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து, அதையே கெடுத்துவிடும். உடனே ஓரம் கட்டுங்கள்.

முதலில் போனது சர்வீஸ் சென்டருக்கு. ஸ்கேனர் போட்டார்கள், பி0171 என்று கோட் வந்தது. பத்து நிமிஷத்தில் எஸ்டிமேட் கையில்: புகையில் மிஞ்சும் ஆக்ஸிஜனைப் பார்க்கும் ஆக்ஸிஜன் சென்சாரை மாற்ற வேண்டும், கூடவே இன்ஜினுக்குள் காற்றை விடும் த்ராட்டில் பாடி கிளீனிங். பி0171 என்றால் கலவை லீன், அதாவது காற்றின் அளவுக்குப் பெட்ரோல் போதவில்லை என்று அர்த்தம். இந்தச் சேதியைச் சொல்வதே ஆக்ஸிஜன் சென்சார்தான். சேதி சொன்னவரையே தூக்கிவிட்டு வேறு ஆளைப் போட்டால் அவரும் அதே சேதியைத்தான் சொல்வார். காற்று எங்கே கூடியது, பெட்ரோல் எங்கே குறைந்தது என்று யாரும் பார்க்கவில்லை. கேட்டதற்கு, கோட் அப்படித்தான் வந்திருக்கிறது என்றார்கள். வண்டியைத் திருப்பி எடுத்து வந்துவிட்டேன்.

ஆனாலும் சர்வீஸ் சென்டரை ஒதுக்க முடியாது. வாரன்டி இருந்தால் வேறு யோசனையே வேண்டாம், அங்கேதான் போக வேண்டும். இசியு எனும் இன்ஜின் கம்ப்யூட்டருக்கு சாஃப்ட்வேர் அப்டேட், திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசர் சாவி, டீசல் இன்ஜெக்டர் மாற்றிய பின் அதன் எண்ணைப் பதிவது, இதற்கெல்லாம் தேவையான கம்பெனி ஸ்கேனர் அவர்களிடம் இருக்கிறது. வயரிங் படமும் இருக்கிறது. இவ்வளவு இருந்தும் கோட் காட்டிய பெயரோடு நின்றுவிடுகிறார்களே என்பதுதான் என் வருத்தம்.

அடுத்து டாங்கிள். இஎல்எம்327 என்று கேட்டால் ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. பெரும்பாலானோர் கோட் பார்த்து அழிப்பதற்கு மட்டும் வாங்குகிறார்கள். அது இதன் சின்ன வேலை, சில சமயம் கெட்ட வேலையும்கூட. கோட் விழுந்த நொடியில் வேகம், ஆர்பிஎம், சூடு எல்லாம் எவ்வளவு இருந்தன என்று இசியு எழுதி வைத்திருக்கும். கோடை அழித்தால் அதுவும் போய்விடும். முதலில் ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள்.

டாங்கிளின் உண்மையான பலம் லைவ் டேட்டா, அதிலும் ஃபியூயல் ட்ரிம். இசியு தன் கணக்குப்படி பெட்ரோல் ஊற்றுகிறது. ஆக்ஸிஜன் சென்சார் போதவில்லை என்றால் கூட்டுகிறது, அதிகம் என்றால் குறைக்கிறது. அந்தக் கூட்டல் கழித்தல்தான் ட்ரிம். நல்ல வண்டியில் பூஜ்யத்துக்கு அக்கம்பக்கத்தில் இருக்கும், பத்து சதவீதம் வரை பயமில்லை. இ20 பெட்ரோல் (20 சதவீதம் எத்தனால் கலந்தது) வந்த பிறகு பழைய வண்டிகளில் கொஞ்சம் கூடுதலாகவே காட்டலாம். சுத்தப் பெட்ரோல் ஒரு கிலோ எரிய 14.7 கிலோ காற்று வேண்டும், இ20க்குச் சுமார் 13.5 போதும். அதே காற்றுக்கு இசியு அதிகப் பெட்ரோல் ஊற்றித்தான் ஆக வேண்டும்.

என் காரில் ஐடிலில் ட்ரிம் +23 சதவீதம். ஆக்ஸிலேட்டரை மிதித்து 2500 ஆர்பிஎம்மில் பிடித்தால் +5. ஆக்ஸிஜன் சென்சார் 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே உயிரோடு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. சென்சார் சாகவில்லை. நிற்கும்போது அதிகம், ரேஸ் கொடுத்தால் குறைவு என்றால் எங்கோ ஓட்டை வழியாகக் கணக்கில் வராத காற்று நுழைகிறது. ஐடிலில் இன்ஜின் குடிக்கும் காற்றே கொஞ்சம், அதில் திருட்டுக் காற்று பெரிய பங்கு. ரேஸ் கொடுத்தால் மொத்தக் காற்று கூடிவிடும், திருட்டுப் பங்கு சின்னதாகிவிடும்.

ஓட்டை இருக்கிறது என்பது வரை டாங்கிள் சொல்லிவிட்டது. எங்கே என்று அதனால் காட்ட முடியாது. அதற்கு அல்சூர் மெக்கானிக்கிடம் போனேன், ஏரிப் பக்கத்துச் சின்ன ஷெட். பேனட்டைத் திறந்து இன்ஜினை ஓடவிட்டு, அவர் ஒரு நிமிஷம் எதையும் தொடவில்லை, காதைக் கொடுத்துக் கேட்டார். "சார், ரேஸ் கொடுக்காதீங்க, அப்படியே விடுங்க." கையை த்ராட்டில் பாடிக்குப் பின்னால் விட்டு ரப்பர் ஓஸ்களை ஒவ்வொன்றாக அமுக்கிக்கொண்டே வந்தார். இன்டேக்குக்கு அடியில் போகும் பிசிவி ஓஸை (இன்ஜினுக்குள் சேரும் ஆவியை இன்டேக்குக்குத் திருப்பி அனுப்பும் குழாய்) பிடித்ததும் உஸ் என்ற சத்தம் நின்றது. நான் சீட்டில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கட்டைவிரல் அங்கே இருக்கும் வரை 23, 17, 11 என்று எண் இறங்கியது. விரலை எடுத்தார், மறுபடி ஏறியது. "அண்ணா, அங்கேயே பிடிங்க" என்று கத்திவிட்டேன். கழற்றி வளைத்துக் காட்டினார்: ஓஸின் அடிப்பக்கத்தில் நகம் நீளத்துக்கு ஒரு வெடிப்பு. ஜேசி ரோட்டில் புது ஓஸும் இரண்டு கிளாம்பும் வாங்கி வந்து போட்டதோடு வேலை முடிந்தது.

தனியாக விட்டிருந்தால் அவர் கண்டுபிடித்திருப்பாரா? பாதி நாள் ஆகியிருக்கலாம், ஆனால் கண்டுபிடித்திருப்பார். எல்லா ஏரியா மெக்கானிக்கும் அப்படி இல்லை. எதற்கெடுத்தாலும் பிளக் மாற்று, சென்சார் மாற்று என்பவர்களும் உண்டு. ஆளை எடைபோட நான் பார்ப்பது ஒன்றுதான்: அவர் ஷெட்டில் மல்டிமீட்டரும் ஃபியூயல் பிரஷர் கேஜும் இருக்கிறதா, அவற்றில் கிரீஸ் படிந்திருக்கிறதா, அதாவது உண்மையிலேயே பயன்படுத்துகிறாரா.

ஓட்டையைப் பிடிக்கும் இந்த ட்ரிம் கணக்கு எல்லா வண்டிக்கும் பொருந்தாது. என் காரில் உள்ளே வரும் காற்றை நேரடியாக அளக்கும் மேஃப் சென்சார் இருக்கிறது. நம் ஊர்ச் சின்ன கார்கள் பலவற்றில் அது கிடையாது, மேனிஃபோல்டு, அதாவது சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துவிடும் குழாய், அதன் உள் அழுத்தத்தைப் பார்க்கும் மேப் சென்சார்தான். அதில் ஓட்டை வழியாக வரும் காற்றும் கணக்கில் சேர்ந்துவிடும். ட்ரிம் அவ்வளவாக மாறாது, ஐடில் ஆர்பிஎம் ஏறி நிற்கும்.

மச்சான் கார் அந்த வகை. பெல்லந்தூர் பக்கம் வீடு, 2022 செப்டம்பர் வெள்ளத்தில் வண்டிக்குள் சீட் வரை தண்ணீர் ஏறியது. அப்புறம் ஒரு நாள் இழுவை இல்லை என்றான். ஏதோ வீடியோ பார்த்து, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்தால் மேப் சென்சார் 101 கிலோபாஸ்கல் காட்ட வேண்டும், என்னுடையது 91தான் காட்டுகிறது, புதுசு வாங்கப் போகிறேன் என்றான். தடுத்து நிறுத்தினேன். 101 என்பது சென்னை மாதிரிக் கடலோர ஊர்க் கணக்கு. பெங்களூர் 900 மீட்டருக்கும் மேலே இருக்கிறது, இங்கே காற்றழுத்தமே சுமார் 91தான். சென்சார் சரியாகத்தான் சொல்கிறது.

எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில் நிற்காமல் ஓட்டி டேட்டா எடுத்தோம். ஐடிலில் +8, ஏற்றத்தில் +25. சுமை ஏற ஏற லீன் ஆகிறது என்றால் பெட்ரோல் வந்து சேரவில்லை. பம்ப் போய்விட்டது என்று அங்கேயே முடிவு கட்டியிருக்கலாம். அல்சூர் அண்ணா பிரஷர் கேஜ் போட்டார், 3 பாருக்கு (பார் என்பது அழுத்தத்தின் அளவு) மேல் இருக்க வேண்டியது 2.4 காட்டியது. அதோடும் விடாமல் பின் சீட்டைத் தூக்கி, இன்ஜின் ஓடும்போதே பம்ப் கனெக்டரில் மல்டிமீட்டர் வைத்தார். பேட்டரியில் 14.1 வோல்ட், பம்ப்புக்கு வருவது 10.6. கிரவுண்ட் வயரின் போல்ட் முழுக்கப் பச்சைத் துரு, வெள்ளத்தின் மிச்சம். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வயர் நுனியில் புது லக் (போல்ட்டில் மாட்டும் வளையம்) மாட்டி இறுக்கியதும் பிரஷர் ஏறி நின்றது. பம்ப்பை மாற்றியிருந்தால் புதுப் பம்ப்பும் அதே 10.6 வோல்ட்டில்தான் தவித்திருக்கும்.

கேஜ் மாட்டுவதை வீட்டில் முயலாதீர்கள். லைனில் பிரஷரை இறக்காமல் கழற்றினால் சூடான இன்ஜின் மேல் பெட்ரோல் பீய்ச்சும். டீசல் காமன் ரெயில் (எல்லா இன்ஜெக்டருக்கும் டீசலை அழுத்தத்தில் வைத்திருக்கும் பொதுக் குழாய்) என்றால் 1600 பாருக்கும் மேல், இன்ஜெக்டர் பைப் பக்கமே கை போகக் கூடாது. அங்கே ரெயில் பிரஷர் கேட்டது எவ்வளவு, வந்தது எவ்வளவு என்று ஸ்கேனரில் பார்த்துவிட்டு டீசல் பம்ப் வேலை தெரிந்தவரிடம் விடுங்கள்.

ஆக, வாரன்டி முடிந்த பெட்ரோல் வண்டிக்கு என் ஓட்டு டாங்கிளும் கேஜ் வைத்திருக்கும் மெக்கானிக்கும் சேர்ந்த கூட்டணிக்கு. ஏபிஎஸ், ஏர்பேக், சாவி பிரச்சினைக்கு சாதாரண டாங்கிள் உதவாது, சர்வீஸ் சென்டருக்குத்தான் போக வேண்டும்.

டாங்கிள் வாங்கினால் வண்டி நன்றாக ஓடும்போதே ஒரு ஞாயிறு காலை இன்ஜினைச் சூடாக்கி எண்களை எடுத்து வையுங்கள்: ஐடிலிலும் 2500லும் ட்ரிம், சாவி மட்டும் ஆனில் மேப் எவ்வளவு, ஓடும்போது பேட்டரி வோல்ட். என் காருடையது ஒரு தாளில் எழுதி கிளவ் பாக்ஸில் இருக்கிறது. டாங்கிளை மட்டும் வேலை முடிந்ததும் கழற்றிவிடுங்கள், பத்து நாள் நிறுத்தி வைத்தால் அதுவே பேட்டரியை இறக்கிவிடும்.